சாப்பாட்டு மேசையில் ஒரு பொம்பர்

மாரிகாலம் வந்துவிட்டால் நம்மவர் வீடுகளில் பிள்ளைகளை வெளியே அனுப்புவதும் இயலாது. உள்ளே வைத்திருப்பதும் எளிதன்று. தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் அவர்களுடைய மாலைப் பொழுதுகளை விழுங்கிக்கொண்டிருக்கும் இந்நாளில், ஒரு பிள்ளை அரமும் பசையும் கொண்டு மணிக்கணக்காக ஒரே இடத்தில் இருந்து ஒரு பொருளைச் செய்கிறான் என்றால் எந்தத் தாயும் மகிழவே செய்வாள். ஆனால் அவன் செய்யும் பொருள் குண்டுவீச்சு விமானமாக இருந்தால்?

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு மகனை அழைத்து வரும் ஒரு தாய் அண்மையில் என்னிடம் இதைத்தான் கேட்டார். "ரீச்சர், நான் பொம்பருக்குப் பயந்து பங்கருக்குள்ள இருந்து வளர்ந்தனான். இப்ப என்ர பிள்ளை சாப்பாட்டு மேசையில பொம்பர் கட்டுறான். நல்லாத்தான் கட்டுறான். ஆனா எனக்கு அதைப் பார்க்கேலாமக் கிடக்கு. எடுத்து எறியட்டோ?" என்றார். 1995 ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் செம்மணி வெளியால் நடந்தபோது அவருக்குப் பத்து வயது. மகனுக்கு இப்போது பன்னிரண்டு.

இது ஒரு தாயின் கேள்வி மட்டுமன்று. நம்முடைய பிள்ளைகளுக்கு விமானம் என்றால் விடுமுறைப் பயணம். நமக்கோ அது புக்காரா, சகடை, பதுங்குகுழியின் ஈரமண் வாசனை. ஒரே சொல் ஒரே வீட்டினுள் இரு தலைமுறைகளுக்கு இரு பொருள் தருகின்றது. ஆகவே எறிவதா, வைத்திருப்பதா என்று தீர்ப்புக் கூறுமுன், அவன் செய்துகொண்டிருப்பது எந்த விமானம் என்று கேட்டேன். பெட்டியைக் கொண்டுவந்து காட்டினான். அது கற்றலினா.

வரலாறு கற்பித்தவளாகிய எனக்கு அப்பெயரைக் கண்டதும் வியப்பு ஏற்பட்டது. ஏனெனில் இந்த விமானத்துக்கும் நாம் பிறந்த தீவுக்கும், நாம் தஞ்சமடைந்த இந்தக் கனடாவுக்கும் இடையே உண்மையான ஓர் உறவு உண்டு. அச்சிறுவன் அதை அறிந்திருக்கவில்லை. தாயும் அறிந்திருக்கவில்லை.

கற்றலினா அமெரிக்காவின் கொன்சொலிடேற்றட் நிறுவனம் உருவாக்கிய பறக்கும் படகு. முதன்முதலில் 1935 ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் பறந்தது. அமெரிக்கக் கடற்படை அதனை ரோந்துக் குண்டுவீச்சு விமானம் என்று வகுத்தது. 3000 இற்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. கனடாவிலும் மொன்றியலிலும் வன்கூவரிலும் இருந்த ஆலைகளில் அவை உருவாயின. தரையிலும் இறங்கவல்ல வகைக்குக் கனடிய விமானப்படை கான்சோ என்று பெயரிட்டது.

அதன் உருவம் விந்தையானது. உடல் படகு போன்றது. சிறகோ உடலோடு ஒட்டாது, நடுவே எழும் ஒரு தூணின் மேல் குடைபோல விரிந்திருக்கும். சிறகின் இரு நுனிகளிலும் மிதவைகள் உண்டு. பறக்கும்போது அவை மேலே மடிந்து சிறகின் நுனிகளாகவே ஆகிவிடும். உடலின் பின்பகுதியில், இருபுறமும் கண்ணாடிக் குமிழிகள் இரண்டு புடைத்து நிற்கும். வேகம் மிகக் குறைவு. சாதாரணமாக மணிக்கு 120 மைல் அளவிலேயே செல்லும். ஆனால் இருபது மணி நேரத்துக்கு மேலும் வானில் நிற்க அதனால் முடியும். அது குண்டும் சுமந்தது, நீர்மூழ்கிகளை அழித்தது, ஆட்களைக் கொன்றது. இதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் அதன் முதன்மையான வேலை பார்ப்பது. நாள் முழுவதும் வெறும் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதும், கண்டதைச் சொல்வதும்தான்.

இனி மாதிரியுருவுக்கு வருவோம். எயர்பிக்ஸ், அக்கடமி ஆகிய நிறுவனங்கள் இவ்விமானத்தை எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் வெளியிட்டிருக்கின்றன. மொனோகிராமும் ரெவெலும் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவில் வெளியிட்டிருக்கின்றன. மேற்படி சிறுவனிடம் இருப்பது எழுபத்திரண்டில் ஒரு பங்கு. உண்மையான விமானத்தின் சிறகு நுனிக்கு நுனி 104 அடி. மாதிரியில் அது 17 அங்குலத்துக்குச் சற்றே அதிகம். ஆறடி மனிதன் ஒருவன் இங்கே ஓர் அங்குலம். கணக்கில் பின்தங்கிய பிள்ளைக்கு விகிதசமம் கற்பிக்க இதைவிடச் சிறந்த கருவி கிடையாது.

பெட்டியைத் திறந்தால் பிளாஸ்ரிக் சட்டங்களில் காய்களைப்போல் உறுப்புகள் தொங்கும். அவற்றை முதலில் சவர்க்கார நீரில் கழுவி உலரவிட வேண்டும். வார்ப்பச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை இருந்தால் வர்ணம் பிடிக்காது. உறுப்புகளைக் கையால் முறித்தெடுக்காமல், சிறு வெட்டுக்கருவியால் சட்டத்திலிருந்து சற்றுத் தள்ளி வெட்டி, மிஞ்சிய காம்பை அரத்தால் தேய்க்க வேண்டும். பசையிடுமுன் இரு பாகங்களையும் வெறுமனே பொருத்திப் பார்ப்பது கட்டாயம். இதற்கான திரவப் பசை உண்மையில் ஒட்டுவதில்லை. பிளாஸ்ரிக்கின் மேற்பரப்பைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றது. ஆகையால் பிழையாக ஒட்டியதைப் பிரித்தெடுப்பது அரிது. அதே பசை கண்ணாடிக் குமிழியில் பட்டால் அது கண்ணில் புரை விழுந்ததுபோல் மங்கிவிடும். அதற்கு, காய்ந்ததும் தெளிவாகும் சாதாரண வெள்ளைப் பசையே போதும். குடைச்சிறகைத் தாங்கும் தூணும் சாய்ந்த நான்கு கம்பங்களும் நேராக அமையாவிட்டால் விமானம் முழுவதுமே கோணிப்போகும். பசை இறுகும்வரை அதைத் தொடாமல் ஓர் இரவு விட்டுவிட வேண்டும். பொறுமையைப் பற்றி நாம் பிள்ளைகளுக்கு எவ்வளவோ சொல்லியிருக்கிறோம். இந்த ஓர் இரவு அதைச் சொல்லாமலே கற்பித்துவிடுகின்றது.

இவ்விடத்தில் நான் அச்சிறுவனிடம் ஒரு கேள்வி கேட்டேன். "இது யாருடைய விமானம்?" அவன் பெட்டியிலிருந்த படத்தைக் காட்டினான். "அதுவன்று. இலங்கையிலிருந்து பறந்த ஒரு கற்றலினாவை நீ செய்ய விரும்பினால் என்ன மாற்ற வேண்டும்?" என்றேன். அவனுக்குச் சொன்ன கதையை வாசகர்களுக்கும் சொல்ல வேண்டும்.

1942 ஆம் ஆண்டு சித்திரை மாதம். சிங்கப்பூர் வீழ்ந்துவிட்டது, இரங்கூனும் வீழ்ந்துவிட்டது. யப்பானியரின் பெருங்கப்பற்படை ஒன்று, அட்மிரல் நகுமோவின் தலைமையில், ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களுடன் இந்து சமுத்திரத்தினுள் நுழைந்தது. இலங்கையின் தென்கரையில், காலிக்கு அண்மையில் உள்ள கொக்கலை வாவியில் பிரித்தானியர் பறக்கும் படகுகளுக்கு ஒரு தளம் அமைத்திருந்தனர். அங்கே சித்திரை 2 ஆம் நாள் வந்து இறங்கியவர்களுள் ஒருவர் கனடிய விமானப்படையின் 413 ஆம் படையணியைச் சேர்ந்த லெனாட் பேர்ச்சல். ஒன்ராறியோவின் சென் கதரின்ஸ் நகரில் 1915 இல் பிறந்தவர். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

வந்து இரண்டு நாள்கள்தாம். 4 ஆம் நாள் விடியுமுன் ஒன்பது பேர் கொண்ட குழுவுடன் பேர்ச்சல் தென்கடலுக்குப் பறந்தார். பகல் முழுவதும் கடலைத் தவிர வேறொன்றும் தென்படவில்லை. பிற்பகலில், திரும்பும் வேளையில், இலங்கைக்குத் தெற்கே ஏறத்தாழ 350 மைல் தொலைவில், தொடுவானில் சில புள்ளிகள் தெரிந்தன. அவை எவருடைய கப்பல்கள் என்று அறிய வேண்டுமானால் கிட்டச் செல்லவேண்டும். கிட்டச் சென்றால் மீள இயலாது. அவர்கள் கிட்டச் சென்றனர். கப்பல்களை எண்ணினர், திசையையும் வேகத்தையும் குறித்தனர், வானொலியாளர் செய்தியை அனுப்பத் தொடங்கினார். அதற்குள் மணிக்கு 300 மைலுக்கு மேல் பறக்கும் யப்பானியச் சீறோ விமானங்கள் சூழ்ந்துகொண்டன. செய்தியை மீண்டும் அனுப்பிக்கொண்டிருக்கையில் வானொலிக் கருவி சிதறியது. விமானம் எரிந்தபடி கடலில் இறங்கியது. ஒன்பது பேரில் மூவர் இறந்தனர். அறுவரை யப்பானிய நாசகாரி ஒன்று தூக்கியெடுத்துச் சிறைப்பிடித்தது.

ஆனால் செய்தி கொழும்பை அடைந்துவிட்டது.

மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. காலையில் கொழும்பின்மீது குண்டுகள் விழுந்தன. முன்னறிவிப்புக் கிடைத்திருந்தமையால் துறைமுகத்தில் நின்ற கப்பல்களுள் பெரும்பாலானவை அதற்குள் வெளியேறியிருந்தன. அதனாலேயே பேர்ச்சலை 'இலங்கையின் மீட்பர்' என்று பத்திரிகைகள் பின்னர் அழைத்தன. அவர் போர் முடியும்வரை யப்பானில் கைதியாக இருந்தார். அங்கும் நோயுற்ற கைதிகளை வேலைக்கு அனுப்பக்கூடாது என்று எதிர்த்து நின்று அடிவாங்கினார். 1946 இல் அதற்காகக் கௌரவிக்கப்பட்டார். 2004 இல் கிங்ஸ்ரன் நகரில் காலமானார்.

இது ஒரு வீரக்கதை. பிள்ளைகளுக்கு வீரக்கதை பிடிக்கும். ஆனால் வரலாற்றாசிரியர் அவ்விடத்தில் நின்றுவிடக்கூடாது.

முன்னறிவிப்பு எல்லோரையும் காக்கவில்லை. அதே ஞாயிறன்று, கொழும்பிலிருந்து விலகிச் சென்ற இரு போர்க்கப்பல்கள் நடுக்கடலில் அகப்பட்டு மூழ்கின. 424 பேர் இறந்தனர். நான்கு நாள்களின் பின் 9 ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றே ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. அதில் 307 பேர் மாண்டனர். அது இன்றும் அக்கடலடியில் கிடக்கின்றது. அதே நாளில், அதே 413 ஆம் படையணியின் இன்னொரு கற்றலினாவும் யப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. அதில் சென்றவர்களுள் ஒருவர்கூடத் திரும்பவில்லை. அவர்களுக்கு எந்தப் பத்திரிகையும் பட்டம் சூட்டவில்லை.

இன்னுமொன்று உண்டு. கொக்கலை வெறும் வாவியன்று. அது ஒரு கிராமம். விமானத்தளம் வேண்டும் என்றபோது அங்கு வாழ்ந்த மக்கள் மிகக் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். வீடுகள் இடிக்கப்பட்டன, தென்னைகள் தறிக்கப்பட்டன. சிங்கள எழுத்தாளர் மாட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு தப்பியது. இன்று அங்கே அருங்காட்சியகம் ஒன்று இருக்கின்றது. மற்றையோர் பாயையும் பானையையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் எப்படிப் போயிருப்பார்கள் என்று நமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. நம்முடைய பலாலி விமானத்தளமும் அதே உலகப் போரின்போது பிரித்தானியர் அமைத்ததுதான். அந்த ஓடுபாதை பின்னாளில் நமக்கு என்ன செய்தது என்பதையும் நாம் அறிவோம். ஒரு போருக்காகத் துப்புரவாக்கப்பட்ட நிலம் அடுத்த போரையும் தேடிக்கொள்கின்றது.

இவ்வளவையும் கேட்டிருந்த சிறுவன் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "அப்ப நான் என்ன மாத்தவேணும் ரீச்சர்?"

நல்ல கேள்வி. அவனிடமிருந்த பெட்டி சில்லுகளுடன் தரையிலும் இறங்கும் வகைக்குரியது. பேர்ச்சலின் விமானமோ சில்லுகளே இல்லாத தூய பறக்கும் படகு. ஆகவே உடலின் இருபக்கங்களிலும் சில்லு மடிந்து செல்லும் குழிகளைப் பிளாஸ்ரிக் தகட்டால் மூடி, புட்டி நிரப்பி, அது இறுகியபின் நீர் தொட்டு அரத்தாளால் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். மூக்கின் அடியிலுள்ள கதவுக்கோட்டையும் அழித்துவிட வேண்டும். சில்லுகளை வைத்துச் செய்பவர்கள் வால் தரையில் குந்திவிடாதிருக்க மூக்கினுள் பாரம் வைப்பார்கள். இவனுக்கு அது தேவையில்லை. மேற்புறத்துக்குக் கடுஞ்சாம்பலும் பச்சை கலந்த சாம்பலும், அடிப்புறத்துக்கு வெளிர்நிறமும் பூசவேண்டும். பெட்டியிலுள்ள எழுத்துகள் உதவா. படையணியின் குறியான கியூஎல் என்ற எழுத்துகளையும் விமானத்தின் குறியான ஏ என்ற எழுத்தையும் தேடி ஒட்டவேண்டும்.

கவனியுங்கள். பெட்டிக்குள் வந்ததை வந்தபடி ஒட்டினால் அது விளையாட்டுப் பொருள். கடையில் ஆயிரம் கிடைக்கும். 'இது யாருடையது, எங்கிருந்து பறந்தது, உள்ளே இருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது, கீழே இருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது' என்று கேட்டுக் கேட்டு ஒட்டினால் அது கல்வி. சில்லுக்குழியை மூடும் பிள்ளை, ஒரு பொருள் உண்மையில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கவேண்டும் என்று நினைக்கத் தொடங்கிவிட்டான். நம்முடைய கதையையும் ஒருநாள் அவன் அவ்வாறே கேட்பான்.

இன்னொரு கணக்கையும் அவனைச் செய்யச் சொன்னேன். அவனுடைய விமானத்தின் அளவில், கொக்கலையிலிருந்து அந்தக் கப்பற்படை நின்ற இடத்துக்கு எவ்வளவு தூரம்? 350 மைலை 72 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 5 மைல். உள்ளங்கைகள் இரண்டில் அடங்கும் ஒரு பொருளை மேசையில் வைத்துவிட்டு, ஐந்து மைல் தூரம் நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தால் அது எங்கே தெரியும்? கடல் எவ்வளவு பெரியது, அந்த ஒன்பது பேர் எவ்வளவு தனியாக இருந்தார்கள் என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் சற்று நேரம் பேசவில்லை.

ஆகவே அந்தத் தாய்க்கு நான் கூறிய விடை: "எறியாதையும் பிள்ளை. பக்கத்தில ஒரு கதிரையைப் போட்டு இரும்."

பார்க்க இயலவில்லை என்று அவர் சொன்னதை நான் அற்பமாக எண்ணவில்லை. பதுங்குகுழிக்குள் வளர்ந்தவரிடம் 'இது பொம்மைதானே' என்று சொல்வது அறிவுடைமையாகாது. மகன் அதைத் தன்னுடைய அறையில் கட்டட்டும். சாப்பாட்டு மேசை அவருடையதாகவே இருக்கட்டும். ஆனால் ஏன் பார்க்க இயலவில்லை என்பதை மகனுக்கு அவர் இதுவரை சொன்னதேயில்லை. நம்மில் பலர் சொல்வதில்லை. பிள்ளைகளின் நித்திரையைக் கெடுக்கக்கூடாது என்று காரணம் கூறிக்கொள்கிறோம். சொல்லாத இடத்தைப் பிள்ளைகள் வெறுமையாக விடுவதில்லை; அம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் கோபம் என்று அவர்களே ஒரு விடை எழுதிக்கொள்கிறார்கள். மேலே இருந்து பார்த்தவரின் கதையை அவன் படித்துவிட்டான். கீழே இருந்து பார்த்தவரின் கதை அவனுடைய வீட்டிலேயே இருக்கின்றது. எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லவேண்டியதில்லை. பசை காயும் நேரத்தில் ஒன்றைச் சொன்னால் போதும்.

பெற்றோருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். பசைக்கும் வர்ணத்துக்கும் கடுமையான ஆவி உண்டு. குளிரானாலும் யன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள். கூரிய கத்தியைத் தன்னை நோக்கி இழுக்கக்கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் சிறு உறுப்புகளை மூடியுள்ள பெட்டியில் வைக்கச் செய்யுங்கள். முதல் தடவை செய்பவருக்கு நாற்பத்தெட்டில் ஒரு பங்கு வேண்டாம். அதன் சிறகு 26 அங்குலம், வைப்பதற்கு இடம் தேடவேண்டிவரும். பெண்பிள்ளைகளுக்கும் இதைக் கொடுங்கள். அரமும் பசையும் ஆண்பிள்ளைக்கே உரியவை என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை.

போர் முடிந்தபின் கற்றலினாக்கள் பலவற்றுக்கு வேறு தொழில் கிடைத்தது. கனடாவில் கான்சோக்கள் ஏரிகளில் நீரை அள்ளிச் சென்று காட்டுத்தீயின்மீது கொட்டின. நியூபவுண்லாந்து, கியூபெக் காடுகளில் பல்லாண்டுகள் அந்த வேலையைச் செய்தன. 413 ஆம் படையணி இன்றும் இருக்கின்றது. நோவா ஸ்கோசியாவின் கிறீன்வூட் தளத்திலிருந்து, கடலில் தத்தளிப்போரைத் தேடிச் சென்று மீட்பதே இப்போது அதன் பணி. அதன் சின்னத்தில் ஒரு யானைத்தலை பொறிக்கப்பட்டிருக்கின்றது. யானையே இல்லாத இந்தக் குளிர்நாட்டில் அந்தச் சின்னம் எவ்வாறு வந்தது என்று கேட்பவருக்கு விடைசொல்ல, நம்முடைய பிள்ளைகளில் ஒருவனுக்காவது இனித் தெரியும்.